எலுமிச்சையில் பூசணம்: மருந்தில் முக்காமல் 16 நாள் வைத்தது

ஆயுத பூஜைக்கு 3 நாள் முன்னால், விடியற்காலை 4 மணிக்கு, கடைசி கிரேட்டைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக எலுமிச்சம்பழம். மேலே ஒரு பழத்தில்கூடப் பச்சைப் பொடி இல்லை. கையை விட்டு அடிவரை துழாவினேன், ஈரம் தட்டவில்லை. பறித்து 16 ராத்திரி ஆகியிருந்தது. இதற்கு முந்தின வருஷம் இதே தோப்பில் பறித்த பழம், இதே அறையில், 6 நாள்கூடத் தாங்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் என்னென்ன செய்து பார்த்தேன், எதெது வீணாகப் போனது என்பதை எழுதி வைக்கிறேன். எலுமிச்சை வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

எங்கள் தோப்பு திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடக் கரைப் படுகையில் இருக்கிறது. நாட்டு எலுமிச்சை, 26 மரம், 11 வயசு. வயல் பக்கத்துக் களிமண்ணில் எலுமிச்சை வைத்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். படுகையில் மணலும் வண்டலும் கலந்து கிடப்பதால் பிழைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் காய் அதிகம், விலை அடிமட்டம். ஆனால் ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு வாரம் மட்டும் விலை ஏறும். வண்டிச் சக்கரத்துக்கு நாலு, மெஷினுக்கு ரெண்டு, வாசலுக்கு ஒன்று என்று ஊரே எலுமிச்சை வாங்கும். மரத்திலேயே விட்டு வைக்கலாமே என்றால், பழுத்த காய் மழையில் உதிர்ந்து மண்ணில் கிடக்கும். பறித்து வீட்டில் வைத்தாக வேண்டும்.

முந்தின வருஷம் எல்லாரும் செய்கிற மாதிரியே செய்தேன். துறட்டியால் இழுத்து உதிர்த்து, மரத்தடியில் குவித்து, மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கினோம். ஏறக்குறைய 2,000 பழம். ஆறாம் நாள் அறைக்கதவைத் திறந்ததும் புளித்த வாடை. கூடையைக் கவிழ்த்தால் பச்சைப் புகை மாதிரி எழுந்தது. எண்ணிப் பார்த்ததில் 700க்கு மேல் போயிருந்தது. மிச்சத்தை வந்த விலைக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் கெட்ட பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி: முதலில் தோல் ஊறிப்போன மாதிரி மெத்தென்று ஒரு வட்டம், அதன்மேல் வெள்ளைப் பூசணம், நடுவில் ஆலிவ் பச்சைப் பொடி, சுற்றி அகலமான வெள்ளைக் கரை. இது பச்சைப் பூசணம், பெனிசிலியம் டிஜிடேட்டம். சிலவற்றில் பொடி நீலமாகவும் வெள்ளைக் கரை ஒல்லியாகவும் இருந்தது. அது அதன் தம்பி, பெனிசிலியம் இட்டாலிக்கம். நீலம் பிடித்த பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பழங்களும் கொத்தாகக் கெட்டிருந்தன. இவை தவிர, பொடியே இல்லாமல் தண்ணீராகக் கரைந்து ஈ மொய்த்த பழங்கள், காம்பைச் சுற்றிப் பழுப்பாக இறங்கிய பழங்கள். இந்தக் கடைசி இரண்டு வகையையும் அன்று நான் தனியாக எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

உரக்கடையில் கேட்டேன். கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லி மருந்தைக் கரைத்து முக்கி எடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பழத்தில் பாதி ஊறுகாய்க்குப் போகிறது. ஆரஞ்சு என்றால் தோலை உரித்துப் போடுவோம். எலுமிச்சையைத் தோலோடு உப்பில் ஊறவைத்து, தோலோடுதான் தின்கிறோம். என் வீட்டு ஜாடிக்குள் போடத் தயங்குகிற பழத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப முடியாது.

முதலில் மஞ்சளும் வேப்பிலையும். வேப்பிலையைக் கொதிக்க வைத்து, மஞ்சள்தூள் கலந்து, ஆறியபின் முக்கினேன். பூசணம் குறைந்ததாகத் தெரியவில்லை. பச்சைக் காயில் திட்டுத்திட்டாக மஞ்சள் கறை வேறு ஏறி, மண்டியில், “என்னண்ணே, சாயம் பூசிக் கொண்டாந்திருக்கீங்க?” என்று கூடையைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

அடுத்தது ஆப்ப சோடா. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் சோடா உப்புக் கரைசலைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்திருந்தேன். 100க்கு 3 பங்கு, அதாவது லிட்டருக்கு 30 கிராம். கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, பறித்து இரண்டு நாள் ஆன பழத்தை முக்கினேன். பலனே இல்லை. தப்பு சோடாவில் இல்லை, இரண்டு நாள் தாமதத்தில். காயத்துக்குள் விழுந்த பூசண விதை ஒரு நாளைக்குள் முளைத்து உள்ளே இறங்க ஆரம்பித்துவிடுகிறது. சோடா அதைக் கொல்வதைவிட முளைக்கவிடாமல் அடக்கி வைக்கிற வேலையைத்தான் அதிகம் செய்கிறது. ஆழமாக வேர் பிடித்தபின் மேலே ஊற்றி என்ன பயன்?

சித்தப்பா ஒருத்தர் வினிகரும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நுரை பொங்கியது, அவ்வளவுதான். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். ஒரு மூட்டைப் பழம் அந்தச் சோதனையில் போனது.

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தப் பழத்தில் கை வைப்பதை நிறுத்தினேன். சித்திரையில் 200 பழம் மட்டும் எடுத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்தேன். ஒரு தக்கையில் ஊசியைச் செருகி 2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டும்படி வைத்து, எல்லாப் பழத்திலும் ஒரு குத்து. பூசணம் பிடித்த பழத்தின் பொடியைத் தண்ணீரில் கலக்கி அந்தக் குத்தில் ஒரு சொட்டு. மறுநாள் அதே நேரத்துக்கு நான்கு விதமாக முக்கினேன். 7 நாள் கழித்து எண்ணியதை அப்படியே தருகிறேன். வெறும் தண்ணீரில் முக்கியதில் 50க்கு 46 பூசணம். சாதாரணத் தண்ணீரில் 3 பங்கு சோடா, 29. அதே சோடா 45 டிகிரி சூட்டில், இரண்டரை நிமிஷம், 9. அதே சோடா 55 டிகிரியில், 5. அந்த 55 டிகிரிக் கணக்கைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் மூன்றாம் நாளே தோலில் பழுப்புத் திட்டு வர ஆரம்பித்து, 30 பழம் வெந்தது போல் ஆகிவிட்டது. பூசணம் இல்லை, விற்கவும் முடியாது. அதனால் 45 டிகிரி என்று முடிவு செய்தேன். 10 டிகிரி வித்தியாசத்தில் பழம் வெந்துவிடுகிறது என்பதால் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கை வைத்துப் பார்த்துச் சூடு சொல்கிற வேலை இங்கே எடுபடாது. கம்பி நீட்டிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் 280 ரூபாய்க்கு வாங்கினேன்.

இதில் இரண்டு தவறு செய்தேன். சோடாவைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மறந்துபோய் கொதித்துவிட்டது. ஆப்ப சோடா கொதித்தால் காற்று வெளியேறி சலவை சோடாவாக மாறிவிடும். காரம் பல மடங்கு ஏறும். தண்ணீர் வழவழவென்று ஆகி, என் விரல் நுனித் தோல் உரிந்தது. இரண்டாவது, அலுமினிய அண்டா. உள்பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. அலுமினியத்துக்கும் காரத்துக்கும் ஆகாது. இப்போது வெறும் தண்ணீரைத் தனியாகச் சுடவைத்து, எவர்சில்வர் அண்டாவில் பச்சைத் தண்ணீரோடு கலந்து 47 டிகிரிக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் சோடாவைப் போடுகிறேன். அண்டா, கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில், நாளுக்கு 100 ரூபாய்.

சரி, முக்குகிற வேலை பிடிபட்டது. ஆனால் ஆடியில் 300 பழத்தை இப்படி முக்கி வைத்தபோதும் 10 நாளில் 50க்கு மேல் போனது. ஊசிக் குத்தில் 50க்கு 9 என்றால், குத்தாத பழத்தில் அதைவிடக் குறைய வேண்டும் அல்லவா? கெட்ட பழத்தையெல்லாம் திண்ணையில் பரப்பி, பூசணம் எங்கே ஆரம்பித்திருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. சிலதில் நகக்கீறல், பிறை வடிவில். சிலதில் முள் குத்திய புள்ளி. துறட்டியால் இழுத்ததில் காம்பு பிய்ந்து, காம்படியில் தோல் கிழிந்த பழங்கள்தான் அதிகம். இன்னும் சிலதில் கீறலே தெரியவில்லை, தோலில் எண்ணெய்ப் பை உடைந்து பழுப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது. மழை விட்ட கையோடு பறித்த பழங்கள் அவை. தோல் விறைப்பாக நீர் ஏறி இருக்கும்போது லேசாக அழுத்தினாலே எண்ணெய் கசிந்து தோலைச் சுட்டுவிடும். வைக்கோலும் சும்மா இல்லை. அதன் நுனிகள் பழத்தில் குத்தியிருந்தன.

பச்சைப் பூசணத்தால் முழுத்தோலைத் துளைத்து உள்ளே போக முடியாது, காயம் வேண்டும். நான் ஒரு வருஷமாக அண்டாவில் மருந்து தேடிக்கொண்டிருந்தேன். காயத்தை உண்டாக்கியது எங்கள் கைதான், மரத்தடியில், பறிக்கும்போதே.

அதனால் புரட்டாசிப் பறிப்பை மாற்றினேன். துறட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். திராட்சைக் குலை வெட்டுகிற சின்னக் கத்தரி இரண்டு, ஒன்று 320 ரூபாய். உயரத்துக்கு மூங்கில் ஏணி. எட்டாத உச்சிக் காயை விட்டுவிட்டோம். எங்கள் தோப்பில் பல வருஷமாகப் பறிக்கிற அக்கா முதலில் சங்கடப்பட்டார்.

“கத்தரியால நறுக்குனா ஒரு நாள் வேலை ரெண்டு நாள் இழுக்கும் தம்பி. கூலி உங்களுக்குக் கட்டுமா?”

“கட்டும்கா. எண்ணிக்கை வேண்டாம், கீறல் இல்லாம வந்தாப் போதும்.”

அவர் சொன்னபடியே இரண்டு நாள் ஆனது. இரண்டு பேருக்கு ஒரு நாள் கூடுதல் கூலி 800 ரூபாய். காம்பை 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு நறுக்கச் சொன்னேன். அதற்கு மேல் விட்டால் பக்கத்துப் பழத்தைக் குத்தும், ஒட்ட நறுக்கினால் தோல் வெட்டுப்படும். முதல் ஒரு மணி நேரம் அளவு வரவில்லை. அப்புறம் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் நீளமாக நறுக்கிப் பழத்தைக் கையில் எடுத்து, இரண்டாவது வெட்டில் காம்பைக் குட்டையாக்குவது. அது எனக்குத் தோன்றவே இல்லை. நகம் வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன், துணிப்பை மாட்டிக்கொண்டார்கள், பையிலிருந்து கிரேட்டுக்குக் கொட்டாமல் கையால் எடுத்து வைத்தார்கள். காலை 10 மணிக்கு மேல், இலையில் பனியும் மழைத்துளியும் காய்ந்த பிறகே தொடங்கினோம். இரண்டாம் நாள் காலையில் தூறல். மத்தியானம்வரை உட்கார்ந்தே இருந்தோம். அக்காவுக்குக் கூலி கொடுத்துச் சும்மா உட்கார வைப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அரை நாள் காத்திருந்தது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன்.

மொத்தம் 2,700 பழம் வந்தது. அன்றன்று பறித்ததை ராத்திரி முழுக்கத் தாழ்வாரத்தில் பரப்பி வைத்தோம், தோல் கொஞ்சம் தளர. மறுநாள் காலையில் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, கீறல், சொறி, முள் குத்து இருந்த 300ஐத் தனியாக எடுத்தேன். அத்தை அவ்வளவையும் அன்றே ஊறுகாய்க்கு நறுக்கிவிட்டார்.

மிச்சம் 2,400, கிட்டத்தட்ட 103 கிலோ. முதல் தொட்டியில் 40 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் சேர்த்தேன். இந்தக் கழுவல் இல்லாவிட்டால், ஒரு கெட்ட பழத்தின் பொடி தண்ணீர் வழியாக எல்லாப் பழத்துக்கும் போய்ச் சேரும். ஆடியில் அந்தத் தவறையும் செய்திருந்தேன். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலக்கவே கூடாது, விஷக் காற்று வரும். நசுங்கிய பழம் ஒன்றுகூட இந்தத் தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நிமிஷம் அதில் அலசி, நைலான் வலைப்பையில் 5 கிலோவாக எடுத்து, சோடா அண்டாவில் இரண்டரை நிமிஷம். 40 லிட்டருக்கு 1 கிலோ 200 கிராம் சோடா. பழம் மிதக்கும், அதனால் மேலே ஒரு தட்டு வைத்து அமுக்கினேன். ஒவ்வொரு பை இறங்கும்போதும் சூடு 2 டிகிரி குறைந்தது. 43க்குக் கீழே போகவிடாமல், பக்கத்து அடுப்பில் இருந்த வெந்நீரில் லிட்டருக்கு 30 கிராம் சோடாவை அப்போதைக்கப்போது கரைத்துச் சேர்த்தேன். வெறும் வெந்நீரை ஊற்றினால் சோடா நீர்த்துவிடும். ஒவ்வொரு நாளும் புதிதாக அண்டா நிரப்பினேன். பத்துப் பைக்குமேல் தண்ணீர் கலங்கிவிடுகிறது, எட்டிலேயே மாற்றியிருக்கலாம்.

அலசுவதில் ஒரு சிக்கல். சோடா தோலில் தங்கினால் பூசணத்துக்கு எதிராக இன்னும் நல்லது. ஆனால் காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும், பழமும் சீக்கிரம் சுருங்கும். நன்றாகக் கழுவினால் பலன் போய்விடும். பூவாளியால் ஒரே ஒரு முறை நல்ல தண்ணீர் தெளித்ததோடு நிறுத்தினேன். அப்புறம் நார்க்கட்டிலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஸ்டாண்ட் ஃபேன் போட்டு, காம்புக் குழியில் ஈரம் போகும்வரை 3 மணி நேரம். இதை அவசரப்படுத்தினால் முன்னால் செய்ததெல்லாம் வீண்.

வைக்கோலுக்குப் பதில் பழைய செய்தித்தாள். கிரேட்டுக்குள் ஓட்டை போட்ட மெல்லிய பாலித்தீன், அதற்குள் தாள், அதற்குள் 17 கிலோ பழம், 6 கிரேட். செங்கல்லும் மணலும் வைத்து நனைக்கிற குளிர்தொட்டி ஒன்றை வைகாசியில் கட்டியிருந்தேன். கோடையில் அது உதவியது. புரட்டாசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது உள்ளே குளிரவும் இல்லை, பழம் மட்டும் வேர்த்தது. இரண்டு நாளில் எடுத்து, ஓட்டு வீட்டின் வடக்கு அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தேன். பூசணம் தெரிந்த பழத்தை அப்படியே தூக்கினால் பொடி பறக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, பழத்தைப் பிடித்து, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தேன். 16 நாளில் எடுத்தது மொத்தம் 96 பழம்.

இந்த முறை வகை பிரித்து எண்ணினேன். பச்சையும் நீலமும் சேர்த்து 34 மட்டுமே. 40 பழம் காம்பிலிருந்து பழுப்பாக இறங்கியவை, 22 தண்ணீராகக் கரைந்து புளித்தவை. அந்த இரண்டையும் சோடா அவ்வளவாகத் தடுக்கவில்லை.

பழம் வற்றி எடை 100க்கு 12 பங்கு குறைந்தது. மண்டித் தராசில் 87 கிலோ நின்றது, கிலோ 105 ரூபாய், 9,135 ரூபாய். பறித்த அன்றே போட்டிருந்தால் 45 ரூபாய் விலையில் 4,635 வந்திருக்கும். கூடுதல் செலவு: கூலி 800, இரண்டு நாளுக்கு சோடா சுமார் 3 கிலோ, கிலோ 60 வீதம் 180, பிளீச்சிங் பவுடர் 40, அண்டா வாடகை 200, பாலித்தீன் 60. கத்தரியும் தெர்மாமீட்டரும் சேர்ந்து 920, அவை வருஷக்கணக்கில் வரும். விறகு தோப்பிலேயே கிடைத்தது. என்னுடைய உழைப்பை இதில் சேர்க்கவில்லை.

மீதிக் கரைசலை என்ன செய்வது என்று யோசிக்காமல் கொல்லைச் செம்பருத்தி அடியில் ஊற்றினேன். பத்து நாளில் இலை ஓரம் கருகி உதிர்ந்தது. சோடியம் உப்பு மண்ணுக்கும் வேருக்கும் ஆகாது. எலுமிச்சை வேர் அதைச் சுத்தமாகத் தாங்காது. இனிமேல் தோப்பில் ஊற்றமாட்டேன், செடி இல்லாத வண்டிப்பாதை ஓரத்தில்தான்.

அடுத்த பறிப்புக்கு மாற்ற வேண்டியது தோப்பிலேயே இருக்கிறது. கரைந்துபோகிற அழுகல் மண்ணிலிருந்து வருகிறது. தாழ்ந்த கிளைகளில் மழை தெறித்து மண் ஒட்டிய பழத்தில்தான் அதிகம் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை உள்ள காயை வைப்புப் பழத்தில் சேர்க்கப்போவதில்லை, அது அன்றைய சந்தைக்கு. காம்பழுகல் பூசணம் மரத்தில் காய்ந்த குச்சிகளில் தங்கியிருந்து, மழைத்தண்ணீரோடு காய்க்கு இறங்குகிறது. அந்தக் குச்சிகளை நான் இத்தனை வருஷமாகத் தொட்டதே இல்லை. நேற்றுதான் அக்காவும் நானும் 26 மரத்திலும் நறுக்கி முடித்தோம். 3 கட்டு வந்தது. தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டோம். அடுத்த பறிப்பு தைக் கடைசியில்.